ஆராய்ச்சிக்கு ஒரு பொதுத் தடம்

மகாராஷ்டிர மாநிலத்தில், புணே நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கோடத் கிராமத்தை ஒட்டி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 வானொலி அலைவாங்கிகள் நிற்கின்றன. இருபத்தைந்து கிலோமீட்டர் வரை பரந்து கிடக்கும் இவற்றை ஒளியிழைக் கம்பிகள் ஒரே தொலைநோக்கியாக இணைக்கின்றன. ஆனால் இங்குப் பதிவாகும் தரவுகளை ஆராய்வோர் நாட்டின் பல நகரங்களில் இருக்கின்றனர். அவர்களிடம் தரவு போய்ச் சேருவது எவ்வாறு?

ஒரு டெராபைட் அளவுள்ள தரவை எடுத்துக் கொள்வோம். வினாடிக்கு 10 மெகாபிட் செல்லும் தடத்தில் அதை அனுப்ப ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். ஒரு ஜிகாபிட் தடத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். பத்து ஜிகாபிட் தடமானால் பதின்மூன்று, பதினான்கு நிமிடங்களே. முதல் வகைத் தடம் வாய்த்த பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் காத்திருப்பதில்லை. அத்தகைய ஆய்வையே மேற்கொள்ளாமல் விட்டுவிடுகிறார். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் பெறுவதில்லை.

பொதுவாக அமைப்பது ஏன்?

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கு வேண்டிய தடத்தைத் தானே குத்தகைக்கு எடுத்துக் கொள்ளலாகாதா என்ற கேள்வி எழலாம். ஒளியிழைத் தடத்தின் செலவில் பெரும் பகுதி கண்ணாடி இழைக்கு ஆவதன்று. பள்ளம் தோண்டுவதற்கும், வழியுரிமை பெறுவதற்கும், சாலையை மீண்டும் செப்பனிடுவதற்கும் ஆவது. இழையைப் புதைத்த பின்னரோ, மயிரிழை போன்ற ஓரிணை இழைகளில் பல அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, ஒவ்வோர் அலைநீளத்திலும் 10 அல்லது 100 ஜிகாபிட் கொண்டு செல்ல இயலும். இரு முனைகளிலும் உள்ள சாதனங்களை மாற்றினால் தடத்தின் கொள்ளளவு பெருகிவிடும். முதல் நிறுவனத்தை இணைக்கப் பெருஞ்செலவும், அதே வழியிலுள்ள அடுத்த நிறுவனத்தை இணைக்கச் சிறு செலவும் ஆகின்ற இடத்தில், தனித்தனியே வாங்குவது பொருளாதார நோக்கில் வீண் செலவேயாகும்.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு வசதியும் அமைந்தது. இருப்புப் பாதைகளின் ஓரமாக ரயில்வே துறையும், உயரழுத்த மின்கோபுரங்களின் உச்சியில் செல்லும் நிலக்கம்பியினுள் மின்தொகுப்பு நிறுவனமும் தத்தம் தேவைக்காக ஒளியிழைகளை முன்னரே அமைத்திருந்தன. தொலைபேசித் துறையின் தடங்களும் இருந்தன. பொது நிதியில் ஏற்கெனவே உருவான இச்சொத்துக்களைக் கல்விக்கும் பயன்படுத்திக் கொள்வதே அறிவுடைமை.

எர்னெட் முதல் இன்றுவரை

இம்முயற்சியின் தொடக்கம் 1986. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மத்திய அரசின் மின்னணுவியல் துறை 'எர்னெட்' எனும் கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னலைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், டில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை அத்துறையுடன் இணைந்து இதில் பங்கேற்றன. தொடக்க ஆண்டுகளின் குத்தகைத் தடங்களில் வினாடிக்கு 9,600 பிட் மட்டுமே சென்றது. மேலே கண்ட ஒரு டெராபைட்டை அவ்வேகத்தில் அனுப்பினால் இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும்! எனினும் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டில் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆய்வாளர்கள் மின்னஞ்சல் வழியே உலகத்துடன் தொடர்பு கொள்ள அது வழி செய்தது.

அடுத்த பெரும் முன்னேற்றம் தேசிய அறிவு ஆணையத்தின் பரிந்துரையால் நேர்ந்தது. ஜிகாபிட் வேகமுள்ள தேசிய வலைப்பின்னல் ஒன்று தேவை என ஆணையம் கூறியதன் பேரில், 'தேசிய அறிவு வலைப்பின்னல்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2010 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுக் காலத்துக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சுமார் 1,500 நிறுவனங்களை இணைப்பது குறிக்கோள். நிறைவேற்றும் பொறுப்பு தேசிய தகவலியல் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகளில் ஒரு பகுதியை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் பெற்று ஆராய முடிவது இத்தகைய தடங்களால்தான்.

கொள்ளளவு வீணா?

இத்தகைய வலைப்பின்னலின் கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளருக்கு ஓர் ஐயம் தோன்றுவது இயல்பு. சராசரியாகப் பார்த்தால் தடத்தின் பெரும் பகுதி சும்மா கிடக்கிறதே, ஏன் குறைத்து வாங்கலாகாது? ஆராய்ச்சித் தரவு குழாயில் சொட்டும் நீர் போன்றதன்று. பல நாள் ஓய்ந்திருந்து ஒரே மூச்சில் பாய்வது. மேலும், தரவு சிறு பொட்டலங்களாகவே செல்கிறது. தடத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆயிரத்தில் ஒரு பொட்டலம் தவறினாலும், வழக்கமான விதிமுறைப்படி இயங்கும் கணிப்பொறி தன் வேகத்தைப் பல மடங்கு குறைத்துக் கொள்ளும். தொலைவு மிகுந்தால் பழைய வேகத்தை மீண்டும் எட்டவும் நேரம் மிகும். ஆகவே, தீயணைப்பு வண்டி நாள் முழுவதும் ஓடவில்லை என்று குறை கூறாதது போலவே இதையும் கொள்ள வேண்டும்.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. தேசியத் தடம் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஓர் அறையில் வந்து முடிகிறது. அங்கிருந்து வேதியியல் துறைக்கும் விடுதிக்கும் செல்வது பழைய செப்புக் கம்பியாயின், அல்லது வளாகத்தின் பாதுகாப்புச் சாதனம் நூறு மெகாபிட்டுக்கு மேல் தாங்காததாயின், வாயில் வரை வந்த பத்து ஜிகாபிட்டால் பயனில்லை. சாதனத்தை வாங்க ஒருமுறை மானியம் கிடைத்துவிடுகிறது. அதைப் பேணும் பொறியாளருக்கான பணியிடம் கிடைப்பதுதான் அரிது. மத்திய நிறுவனங்கள் ஒருவாறு சமாளிக்கின்றன. உயர்கல்வி மாணவர்களில் பெரும்பாலோர் பயிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளும் இந்தச் சுமையை எளிதில் தாங்குவதில்லை. இணைப்பு இலவசமாக அளிக்கப்பட்டது சரியே. கட்டணம் விதித்திருந்தால் ஏழை நிறுவனங்களே முதலில் விலகியிருக்கும். ஆனால் வாயிலுக்கு உள்ளே ஆகும் செலவு யாருடையது என்பது அதனால் தீர்ந்துவிடவில்லை.

அமெரிக்காவில் 1980களின் நடுவில் தேசிய அறிவியல் நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கு இணைப்பு மானியம் அளித்தபோது, வளாகத்திலுள்ள தகுதியுடைய பயனாளர் அனைவருக்கும் அவ்விணைப்புக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நிதி அளிக்கும் ஆணையிலேயே அது இடம் பெற்றதால் வளாக வலையமைப்பும் உடன் வளர்ந்தது. இங்கும் மானிய ஆணைகளில் இத்தகைய நிபந்தனையையும், அதற்கான ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் சேர்ப்பது கடினமன்று.

அதற்கான தேவை இப்போது பெருகியுள்ளது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்தின்படி, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில், சுமார் 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு எட்டுகின்றன. இவற்றுள் பல, தேசிய ஆய்வகங்களுக்கு வெகு தொலைவிலுள்ள சிறு நகரங்களில் இருப்பவை. கட்டுரையைப் படிக்க அங்குள்ள தடம் போதும். அக்கட்டுரைக்கு ஆதாரமான தரவைத் தருவித்துச் சரிபார்க்க அங்குள்ள மாணவருக்கு இன்னும் வேகமான தடமும், அத்தடம் சென்றடையும் மேசையும் வேண்டும்.