அடிக்கும் கைக்கு முன்னால் தாங்கும் உடம்பு
‘எல்டன் ரிங்’ போன்ற கடினமான கேம்களில் கேரக்டரை எப்படி வடிவமைப்பது?

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் லேப்டாப்பைத் திறந்து ‘எல்டன் ரிங்’ ஆட உட்காரும் ஒருவருக்கு, வாளை உருவுவதற்கு முன்பே ஒரு பெரிய முடிவு காத்திருக்கிறது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிடெடகா மியாசாகியின் இயக்கத்தில் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த இந்த கேம், தொடக்கத்திலேயே 10 வகைக் கேரக்டர்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்கிறது. அதன் பிறகு ஒரு லெவல் ஏறினால் ஒரு புள்ளி. உயிரின் அளவைக் கூட்டும் விகர், மந்திரத்துக்கான மைண்ட், சுமையும் மூச்சும் தாங்கும் எண்டியூரன்ஸ், பிறகு ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்க்கேன் என எட்டில் எதில் அந்தப் புள்ளியைப் போடுவது? புள்ளிகளைப் பங்கிட்டு, ஆயுதமும் கவசமும் சேர்த்து ஒரு கேரக்டரை உருவாக்குவதைத்தான் ஆடுகிறவர்கள் ‘பில்டு’ என்கிறார்கள். யூடியூபில் தேடினால் எந்த பில்டு, பாஸ் எனப்படும் பெரிய எதிரியை எத்தனை விநாடியில் சாய்க்கும் என்பதைத்தான் அதிகம் காட்டுகிறார்கள். முதல் முறை ஆடுகிறவர் போட வேண்டிய கணக்கு வேறு. எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று பார்ப்பதற்கு முன், எத்தனை அடி வாங்கியும் நிற்கலாம் என்று பார்க்க வேண்டும்.

இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. நாமக்கல் பட்டறைக்கு வந்து நிற்கும் சேஸிஸ் மீது என்ன பாடி ஏறும் என்பதை அது சுமக்கப் போகிற லோடுதான் தீர்மானிக்கிறது. கேஸ் டேங்கருக்கு ஒரு கட்டுமானம், சிமென்ட் மூட்டைக்கு இன்னொன்று, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு முற்றிலும் வேறொன்று. எல்லாவற்றையும் ஏற்றலாம் என்று கட்டிய வண்டி எதையும் ஒழுங்காக ஏற்றாது. அச்சு தாங்குகிற எடைக்கு மேல் எதுவும் நடக்காது. எல்டன் ரிங்கிலும் இந்த எடைக் கணக்கு அப்படியே உண்டு. அணிந்திருக்கும் ஆயுதமும் கவசமும் தாங்கும் திறனில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், உருண்டு தப்பிக்கும் அசைவு மந்தமாகிவிடும். பார்க்க மிரட்டலாக இருக்கிறதென்று கனமான கவசத்தை மாட்டி, எண்டியூரன்ஸில் புள்ளி போடாமல் விட்டவர் செத்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது.

விகர் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 10 புள்ளி இருந்தால் உயிர் 414. 25 ஆனால் 800. 40 ஆனால் 1,450. 60-இல் 1,900. அதற்கு மேல் உச்சமான 99 வரை கொட்டினாலும் 2,100-தான். 25-லிருந்து 40 வரை போடும் 15 புள்ளிகள் 650 உயிரைத் தருகின்றன. 60-க்கு மேல் போடும் 39 புள்ளிகள் வெறும் 200. ஆகவே நடுப்பகுதியில்தான் போட்ட புள்ளிக்கு நல்ல பலன். ஆனால் புதியவர்கள் அங்கேதான் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். மந்திரவாதியான ஆஸ்ட்ராலஜரின் தொடக்க விகர் 9. கிடைக்கிற புள்ளியையெல்லாம் இன்டெலிஜென்ஸில் போட்டுக்கொண்டு அதே உயிரோடு ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலுக்குப் போனால் அங்கே மார்கிட் என்ற பாஸ் நிற்பான். அவன் கைத்தடியை ஓங்குவான். உடனே இறக்க மாட்டான். ஓங்கியதைப் பார்த்துப் பதறி உருண்டவர் எழும் நேரத்துக்குச் சரியாக அடி விழும். இந்தத் தாமதத்தைக் கண்ணும் கையும் பழகிக்கொள்ள, அந்த அடியைச் சிலமுறை வாங்கியும் உயிரோடு இருந்தாக வேண்டும். ஓரிரு அடியில் சாகிறவர், பாஸின் தொடக்க அசைவுகளை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பிற்பாதியில் அவன் என்ன செய்வான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆக, உயிருக்குப் போடும் புள்ளி பயந்தவரின் செலவு என்று நினைப்பது தவறு. பாஸைப் படிக்க நேரம் வாங்கித் தருவது அதுதான்.

அப்படியானால் அடியின் பலம் எங்கிருந்து வரும்? தொடக்கக் கட்டத்தில் அது புள்ளியைவிட ஆயுதத்தைத் தீட்டுவதிலிருந்தே அதிகம் வருகிறது. உச்சிகடானா என்ற வாளின் அடிப்படைத் தாக்குதல் 115. ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கற்களைக் கொண்டு +25 வரை தீட்டினால் அது 281 ஆகிறது. ஒரு புள்ளிகூடச் செலவில்லை. ஆயுதத்தை இரு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். கனமான வாளைத் தூக்க வேண்டிய புள்ளிகளில் ஒரு பகுதி அதிலேயே மிச்சம். எனவே வரிசை இப்படி அமைகிறது: பிடித்த ஓர் ஆயுதம், அதைத் தூக்கத் தேவையான அளவுக்கு மட்டும் புள்ளி, கிடைக்கும் கற்களெல்லாம் அந்த ஆயுதத்துக்கு, மிச்சப் புள்ளியில் பெரும்பங்கு விகருக்கு. அது 40-ஐ நெருங்கிய பிறகு, தாக்குதலுக்கான ஏதாவது ஒரு குணத்தை முழுமூச்சாக வளர்க்கலாம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானதுதான். எதிரி சீக்கிரம் செத்தால் திருப்பி அடிக்க மாட்டானே, பலமாக அடிப்பதும் தற்காப்புதானே என்பார்கள். எதிரியின் அசைவுகள் மனப்பாடமானவருக்கு இது சரி. தெரியாதவருக்கோ, அந்தப் பலமான அடியைக் கொடுக்கும் இடைவெளி எப்போது வரும் என்பதே தெரியாது. இரண்டாவது மறுப்பு, திறமை இருந்தால் பில்டே வேண்டாம் என்பது. இதற்குச் சாட்சியாக ‘லெட் மி சோலோ ஹெர்’ என்ற பெயரில் ஆடியவரைக் காட்டுவார்கள். தலையில் ஒரு ஜாடி, கையில் இரண்டு வாள், உடம்பில் கவசமே இல்லை; ஒவ்வொரு அடி கொடுக்கும்போதும் தன் உயிரைக் கூட்டிக்கொள்ளும் மலேனியா என்ற பாஸை, முன்பின் தெரியாதவர்களுக்காக ஆயிரம் முறைக்கு மேல் வீழ்த்தியவர். கேமை வெளியிட்ட பண்டாய் நாம்கோ 2022-இல் அவருக்கு ஒரு வாளையே பரிசாக அனுப்பியது. ஆனால் அவர் நம் பக்கத்துச் சாட்சி. மலேனியாவின் ஒவ்வோர் அசைவும் கைக்குப் பழகியதால்தான் அவர் கவசத்தைக் கழற்ற முடிந்தது. கழற்றியதால் பழகவில்லை.

மூன்றாவது மறுப்பு, நேரம் இல்லாதவர் சொல்வது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவே நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. தெரிந்தவர் போட்ட பில்டை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? எடுத்துக்கொள்ளலாம், இரண்டு சிக்கல்களைத் தெரிந்துகொண்டு. அந்தப் பட்டியல்களில் பல, பயணம் முடிந்த கேரக்டரின் படங்கள். மூன்வேல் வாளை ஏந்த ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23 வேண்டும். அதுவரை எதைக் கொண்டு உயிர் பிழைப்பது என்பதைப் படம் சொல்லாது. அடுத்து, இரவல் பலத்துக்கு ஆயுள் குறைவு. வெளியான புதிதில் பலரும் ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் என்ற பனி உதையையும் மிமிக் டியர் என்ற நகல் துணையையும் நம்பி ஆடினார்கள். மூன்று வாரம் முடிவதற்குள், 2022 மார்ச் மாதத்து 1.03 பேட்ச் இரண்டின் பலத்தையும் குறைத்துவிட்டது. அவற்றை மட்டுமே நம்பியவர்கள் தடுமாறினார்கள். அசைவுகளைப் படித்து வைத்திருந்தவர்கள் வேறு ஆயுதத்தை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்கள்.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சுவைத்துப் பார்ப்பதில்தானே கேமின் மகிழ்ச்சி இருக்கிறது என்று கேட்பவரும் உண்டு. நியாயம்தான், ஆனால் அதற்கு கேமுக்குள்ளேயே வழி இருக்கிறது. ரென்னலா என்ற பாஸை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருளை அவளிடம் கொடுத்து எல்லாப் புள்ளிகளையும் திரும்பப் பங்கிடலாம். வாளை விட்டு மந்திரத்துக்குப் போக ஆசையென்றால் முழுதாகவே போகலாம். எட்டிலும் சமமாகப் புள்ளி தூவினால் மிஞ்சுவது, வாளும் அரைகுறை, மந்திரமும் அரைகுறையான ஒரு கேரக்டர். புள்ளியே எல்லாம் என்ற நம்பிக்கையையும் இந்த கேம் உடைத்திருக்கிறது. 2024 ஜூன் 21 அன்று வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கத்தில், ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடி எடுத்து 20 படி வரை உயர்த்தினால்தான் அடியும் தாங்கும் சக்தியும் அங்கே கூடும். உயர்ந்த லெவலோடு போனவர்களும் அவற்றைத் தேடாமல் நேரே பாஸிடம் ஓடியபோது நொறுங்கிப் போனார்கள்.

ஆகவே ஒரு பில்டு நல்லதா என்று அறிய, அது எத்தனை விநாடியில் பாஸை முடிக்கிறது என்ற அளவுகோல் புதியவருக்கு உதவாது. தோற்ற பிறகு, ஏன் தோற்றோம் என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே உருண்டோம், பேராசையில் ஓர் அடி கூடுதலாக அடித்தோம், மருந்து குடிக்கத் தப்பான நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று காரணம் தெரிந்தால், பில்டில் கை வைக்காமல் மறுபடி இறங்கலாம். என்ன நடந்ததென்றே தெரியாமல் ஒவ்வொரு முறையும் சாகிறோம் என்றால், அடுத்த ஐந்து புள்ளிகளும் விகருக்குத்தான்.