கால் சொல்லும் சேதி

நாள் முழுவதும் நின்று வேலை செய்தால் கால் வீங்கும். இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

காலையில் எழுந்த பிறகும் இரண்டு கால்களும் வீங்கி இருக்கின்றனவா? செருப்பு இறுக்கிப் பிடிக்கிறதா? அது உடம்பு சொல்லும் சேதி. கல்லீரல் கெட்டிருப்பதால்கூட இப்படி வரலாம்.

கல்லீரலுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

கல்லீரல் வயிற்றின் வலப் பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் 1.5 கிலோ. அது நஞ்சை முறிக்கும். பித்த நீரைச் சுரக்கும். ஆல்புமின் என்ற புரதத்தையும் செய்யும். இரத்தத்தில் உள்ள நீர் வெளியே கசியாமல் காப்பது இந்த ஆல்புமின்தான்.

கல்லீரல் கெட்டால் ஆல்புமின் குறையும். உடம்பில் உப்பும் நீரும் தேங்கும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? அதனால் பாதத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. சிலருக்கு வயிற்றிலும் கோத்துக்கொள்ளும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டை விரலால் அழுத்துங்கள். 10 வரை எண்ணி விரலை எடுங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? அங்கே நீர் கோத்திருக்கிறது.

வேறு அடையாளங்களும் உண்டு. உள்ளங்காலும் உள்ளங்கையும் அரிக்கும். சொறி சிரங்கு இருக்காது. இரவில் அரிப்பு கூடும். கண் மஞ்சளாகும். பசி எடுக்காது. களைப்பு இருக்கும். கர்ப்பிணிக்கு இப்படி அரித்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லா வீக்கமும் கல்லீரல் நோயா?

இல்லை. இதயம், சிறுநீரகம் கெட்டாலும் கால் வீங்கும். இரத்த சோகையாலும் வீங்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எது காரணம் என்று சோதனை செய்தால்தான் தெரியும்.

கல்லீரல் ஏன் கெடுகிறது?

சாராயம் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி, சி என்ற கிருமிகள் இன்னொரு காரணம். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போட்டால் இவை பரவும். ஒருவர் சவரம் செய்த பிளேடாலும் பரவும். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும். ஆகவே, குடிக்காதவர்களுக்கும் கல்லீரல் கெடலாம்.

என்ன செய்ய வேண்டும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்கு இலவசச் சோதனையும் சிகிச்சையும் தரும் தேசியத் திட்டம் 2018-இல் தொடங்கியது. சி கிருமியைப் பெரும்பாலோருக்கு 3 மாத மாத்திரையில் ஒழித்துவிடலாம். பி கிருமியைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும்.

குடியை நிறுத்த வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். கடையில் நீர் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வீக்கம் வடியலாம். நோய் வடியாது.

இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், புத்தித் தடுமாற்றம் — இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"கால் வீக்கம்தானே" என்று நாளைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் கல்லீரலைக் காப்பாற்ற வழி உண்டு.