கணினி நிலப்பரப்பில் ஆற்று அரிப்பு

கணினி நிலப்பரப்பில் ஆற்று அரிப்பு என்பது, கணினி விளையாட்டுகளுக்காக நிரல் மூலம் உருவாக்கப்படும் நிலத்தில் மழைநீர் ஓடும் வழியைக் கணித்து, அவ்வழியே மண்ணை அரித்தும் படியவைத்தும் பள்ளத்தாக்கு, சமவெளி முதலியவற்றைத் தோற்றுவிக்கும் முறை ஆகும். இம்முறையின் பயனையும் எல்லையையும் அறிய மதுரையைச் சூழ்ந்த வைகைச் சமவெளி தகுந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

கணினியில் நிலப்பரப்பு பெரும்பாலும் சதுரக் கட்டங்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அவ்விடத்தின் உயரத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். இவ்வெண்களைப் பெற, கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட 'பெர்லின் இரைச்சல்' போன்ற கணிதச் சார்புகள் பயன்படுகின்றன. இவை இயல்பாகத் தோன்றும் மேடுபள்ளங்களைத் தருகின்றன. எனினும் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்தோடு இணைவதில்லை. ஆகவே கடல்வரை தொடரும் ஆறு அமைவதில்லை. இக்குறையைக் களைய, கென்டன் மஸ்கிரேவ், கிரெய்க் கோல்ப், ராபர்ட் மேஸ் ஆகியோர் 1989-இல் நீரரிப்பைக் கணிக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். 2006-இல் வெளிவந்த 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' விளையாட்டு, உலகை உருவாக்கும்போதே ஆறுகளை ஓடவிட்டு மலைகளை அரிக்கிறது.

செயல்முறை

1. ஒரு கட்டத்தின் நீர், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுள் சரிவு மிகுந்த திசையில் இருப்பதற்குச் செல்லும்.
2. நீர் வெளியேற வழியில்லாத குழிகள் விளிம்பு மட்டம் வரை நிரப்பப்படும்.
3. மேலிருந்து ஒவ்வொரு கட்டத்திற்கும் வந்துசேரும் நீர் கூட்டப்படும். அக்கூட்டுத்தொகை குறித்த வரம்பை மிஞ்சும் இடங்கள் ஆறுகளாகக் கொள்ளப்படும்.
4. நீரும் சரிவும் மிகுந்த இடத்தில் உயரம் குறைக்கப்படும். சரிவு தணியும் இடத்தில் வண்டல் சேர்க்கப்படும்.

இப்படிகள் பலமுறை திரும்பச் செய்யப்படும்போது பள்ளங்கள் கிளையாறுகளாக ஒன்றோடொன்று இணைகின்றன.

வைகைச் சமவெளி

மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டுப் பகுதியில் தோன்றும் வைகை, மலைச்சரிவில் விரைந்து இறங்கி, மதுரைக்குக் கிழக்கே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்ற மென்சரிவில் செல்கிறது. மேலே அரிப்பு, கீழே படிவு என்னும் மேற்கண்ட விதி இங்கு நன்கு பொருந்துகிறது. ஆயினும் எல்லாப் பாறையும் ஒரே கடினமுடையது எனக் கொள்ளும் நிரல், ஆனைமலையையும் நாகமலையையும் நாளடைவில் தேய்த்துச் சமமாக்கிவிடும். கடும்பாறையாலான இக்குன்றுகள் சமவெளியில் எஞ்சி நிற்பதைக் காட்ட, உயரத்தோடு பாறையின் கடினத்தையும் கட்டங்களில் குறிக்க வேண்டும்.

விதி பொருந்தாத இடங்கள்

மதுரைப் பகுதியின் கண்மாய்கள், சரிவின் கீழ்ப்புறத்தில் கரை எழுப்பி நீரைத் தேக்குபவை. ஒரு கண்மாய் நிறைந்தால் மிகைநீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குச் செல்லும். நிரலோ கண்மாயை வெறுங்குழி எனக் கருதி நிரப்பிவிட்டு, கரைக்கு மேலாகவே ஓடையை வரையக்கூடும். கலிங்கின் உயரத்தை வெளியேறும் மட்டமாகக் கொடுத்து, கொள்ளளவைத் தனியே கணக்கிடுவதே இதற்குத் தீர்வு. வைகையும் இராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சென்றடைகிறது. மிகைநீரே கடலை நோக்கிச் செல்கிறது.

1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகை வடிநிலத்திற்கு வருகிறது. சரிவை மட்டும் நோக்கும் நிரலால் இவ்வழியைக் கண்டறிய இயலாது. அதனைத் தனியே இணைக்க வேண்டும். மேலும், ஆண்டுச் சராசரி மழையைக் கொண்டு கணித்தால், பல மாதங்கள் மணற்பரப்பாகக் கிடக்கும் வைகை வற்றாத ஆறாகத் தோன்றும்.

முக்கியத்துவம்

சரிவைக் கணிப்பதும் குழிகளை நிரப்புவதும் வெள்ள அபாய வரைபடங்கள் தயாரிப்பதிலும் பயன்படுகின்றன. விளையாட்டில் ஒரு கண்மாய் மறைந்தால் அது தோற்றக் குறை மட்டுமே. நகரமைப்புக்கான வரைபடத்தில் மறைந்தால், மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடம் வீடு கட்டத்தக்க சமநிலமாகத் தோன்றும். எனவே குழிகளை நிரப்புமுன், அவற்றுள் எவை தரவுப் பிழைகள், எவை மக்கள் வெட்டிய நீர்நிலைகள் எனப் பிரித்தறிதல் இன்றியமையாததாகும்.