கண்ணுக்கும் உண்டு பரீட்சை!

ராத்திரி பத்து மணி. கும்பகோணத்தில் அக்கா வீட்டுக் கூடம். அக்கா பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்போனையே முறைத்துக் கொண்டிருந்தாள். நடுநடுவே நோட்டில் எழுத்து வேறு!

‘‘என்னம்மா, சீரியலுக்கு நோட்ஸா?’’

‘‘கிளாஸ் மாமா! கான்டாக்ட் லென்ஸ் பராமரிப்பு. கடைசியில பரீட்சை. பாஸானாத்தான் சர்ட்டிபிகேட்!’’

ஆப்டோமெட்ரி முடித்து, கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிறவள் அவள். வேலைக்குப் போன பிறகுமா படிப்பு? பி.காம். முடித்த வாரமே புத்தகங்களை எடைக்குப் போட்ட எனக்குப் பகீரென்றது!

‘‘அமெரிக்காவுல இப்படிப் படிச்சாத்தான் லைசென்ஸையே புதுப்பிப்பாங்க. அது சரி... நீங்களும் லென்ஸ் ஆசாமிதானே? நாலு கேள்வி கேட்கட்டுமா?’’

மாட்டிக்கொண்டேன்.

‘‘டப்பாவுல நேத்து ஊத்தின சொல்யூஷன் இருக்கு. என்ன பண்ணுவீங்க?’’

‘‘மேல கொஞ்சம் புதுசு ஊத்திப்பேன்.’’

‘‘தப்பு! பழசைக் கொட்டணும்.’’

நேற்றைய பாக்கியோடு இன்றைய வரவைச் சேர்ப்பது கணக்குப் புத்தகத்தில் சரி. லென்ஸ் டப்பாவில் பாவமாம்! பழைய திரவத்துக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்திருக்கும்.

‘‘சொல்யூஷன் தீர்ந்துட்டா?’’

‘‘குழாய்த் தண்ணி...’’

தலையில் கை வைத்துக்கொண்டாள். அகாந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர். குழாய், கிணறு, நீச்சல் குளம் என்று எங்கும் குடியிருக்கும். கூட்டுக்குள் ஒடுங்கிவிட்டால் குளோரினுக்கும் அசையாது. கருவிழியில் புகுந்துவிட்டால் வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும்.

‘‘லென்ஸோட தூங்குவீங்களா?’’

‘‘ரயில்ல மட்டும்...’’

‘‘கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது மாமா. காத்துலேர்ந்துதான் ஆக்ஸிஜன் எடுத்துக்குது. லென்ஸும் போட்டு இமையும் மூடினா, பாவம் எப்படி மூச்சு விடும்?’’

‘‘கழற்றினதும் உள்ளங்கையில வெச்சுத் தேய்ப்பீங்களா?’’

இதில் நான் விடவில்லை. ‘‘தேய்க்கவே வேண்டாம்னு கடைக்காரர் சொன்னாரே!’’

அவள் முகம் மாறியது. ‘‘எங்க முதலாளியும் அதையேதான் சொல்லி அனுப்பறார்.’’

‘தேய்க்க வேண்டாம்’ என்று பாட்டிலிலேயே அச்சடித்து விற்ற காலம் உண்டு. 2006-ல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்காவில் லென்ஸ் போட்டவர்களின் கருவிழியை ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கியது. அமெரிக்காவில் மட்டும் உறுதியானவை 164. அதில் 55 பேருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போனது! விசாரித்ததில் சந்தேகம் ‘ரீநியூ மாய்ஸ்சர்லாக்’ சொல்யூஷன் மேல் விழுந்தது. பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் 2006 மே மாதத்தில் உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெற்றது. பழசோடு புதுசைக் கலந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. மறு வருஷம் அகாந்தமீபா விவகாரத்தில் வேறொரு சொல்யூஷன் வாபஸ். பாட்டில் என்ன சொன்னாலும் தேய்த்துக் கழுவுங்கள் என்று நிபுணர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதலாளி படித்தது அதற்கெல்லாம் முன்னால். அவர் கற்றதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். கெட்ட எண்ணமா? இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்!

‘‘சொல்லேன் அவர்கிட்ட.’’

‘‘முப்பது வருஷ அனுபவம் மாமா. நான் நேத்து வந்த பொண்ணு...’’

சட்டென்று என்னை உற்றுப் பார்த்தாள். ‘‘வலது கண் ஏன் சிவந்திருக்கு?’’

‘‘ரெண்டு நாளா...’’

‘‘முதல்ல லென்ஸைக் கழற்றுங்க!’’

காலையில் இழுத்துக்கொண்டு போனாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, ‘‘கீறல்தான். ஆனா இன்னும் நாலு நாள் விட்டிருந்தா...’’ என்று நிறுத்தினார். மிச்சத்தை என் வயிறு புரிந்துகொண்டது.

சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் - எது வந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். என் டப்பா கல்யாணத்துக்கு வாங்கியது. பையன் இப்போது மூன்றாம் வகுப்பு!

போன வாரம் அக்கா பெண் போன் செய்தாள். என் கண்ணையே உதாரணமாகச் சொல்லி முதலாளியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாளாம்.

‘‘திட்டினாரா?’’

‘‘அஞ்சு நிமிஷம் பேசவேயில்லை மாமா. அப்புறம், ‘அந்த கிளாஸுல எப்படிம்மா சேர்றது?’ன்னார்!’’