கேமரா பார்க்கிறது, சர்வர் கணிக்கிறது, தீர்ப்பு யாருடையது?

கடைத்தெரு, பேருந்து நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், திருமண மண்டபம், பள்ளிவாசல் வராந்தா என்று கண்காணிப்பு கேமரா இல்லாத இடம் இன்று குறைவு. ஆனால் அந்தக் கேமராக்கள் இரவும் பகலும் அனுப்பும் காட்சிகளை உட்கார்ந்து பார்ப்பவர் யார்? பெரும்பாலான இடங்களில் யாரும் இல்லை. திருட்டோ தகராறோ நடந்து முடிந்த பிறகுதான் பதிவை ஓட்டிப் பார்க்கிறோம்.

சம்பளம் கொடுத்து ஓர் ஆளைத் திரைமுன் உட்கார வைத்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. ரேடார் திரையைக் கவனிப்பவர்களின் சோர்வைப் பற்றி ஆராய்ந்த நார்மன் மக்வொர்த் என்ற உளவியலாளர், 1948இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் உண்மையைக் காட்டினார். எப்போதாவது வரும் ஒரு சிறு மாற்றத்துக்காகக் காத்திருப்பவரின் கவனம், முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே குறையத் தொடங்கிவிடுகிறது. 16 கட்டங்களாகப் பிரிந்த கேமரா திரையைப் பார்க்கும் காவலாளியின் நிலையும் இதுதான்.

இந்தக் குறையை நிரப்ப வந்தவைதான் காணொளிப் பகுப்பாய்வு மென்பொருள்கள். விற்பனையாளர்கள் ‘வீடியோ அனலிட்டிக்ஸ்’ என்று சொல்வது இவற்றைத்தான். காவல்துறையும் விமான நிலையங்களும் மட்டுமே பயன்படுத்தி வந்த இந்த வசதி, இப்போது வணிக வளாகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. இதை வாங்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்களாகவும், இதன் பார்வைக்கு உட்பட்டவர்களாகவும் நாம் இருக்கிறோம். ஆகவே இது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மென்பொருள் எதைப் பார்க்கிறது?

கேமரா அனுப்பும் காணொளி என்பது நொடிக்கு 15, 25 என்ற கணக்கில் வரும் நிழற்படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் நிறத்தைக் குறிக்கும் எண்கள். மென்பொருளுக்கு மனிதன் தெரியாது, திருடன் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும்.

பழைய மென்பொருள்கள், முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, ‘இங்கே ஏதோ அசைகிறது’ என்று மணி அடித்தன. வேப்ப மரக்கிளை ஆடினாலும், வாகன விளக்கு சுவரில் பட்டாலும், இரவில் கேமரா முன் சிலந்தி வலை பின்னினாலும் மணி அடித்தது. தொல்லை தாங்காமல் பலர் அந்த வசதியையே அணைத்து வைத்தார்கள்.

இன்றைய மென்பொருள்கள் ஒரு படி மேலே போயிருக்கின்றன. ஆள், கார், இருசக்கர வாகனம், நாய், பை என்று பெயரிடப்பட்ட ஏராளமான படங்களைக் கொடுத்துப் பயிற்றுவிக்கப்பட்டவை இவை. படத்தில் உள்ள ஓர் உருவத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, ‘இது ஆளாக இருக்க வாய்ப்பு இவ்வளவு’ என்று ஒரு மதிப்பெண் தருகின்றன. அடுத்தடுத்த படங்களில் அதே உருவத்தைத் தொடர்கின்றன. பிறகு நாம் கொடுத்த விதியோடு ஒப்பிடுகின்றன. இரவு 11 மணிக்கு மேல் இந்தக் கோட்டை ஆள் தாண்டினால் சொல், ஒரு பை 5 நிமிடத்துக்கு மேல் தனியாகக் கிடந்தால் சொல், வாசலில் கூட்டம் 50 பேரைத் தாண்டினால் சொல் என்பவை அத்தகைய விதிகள். விதியை எழுதுவது மனிதன். மென்பொருள் அதை இடைவிடாமல் சரிபார்க்கிறது.

சர்வர் எதற்கு?

இந்தக் கணக்கீட்டைக் கேமராவுக்குள்ளேயே செய்யும் வகையும் உண்டு. ஆனால் அதற்குப் பழைய கேமராக்களைக் கழற்றிவிட்டு விலை கூடிய புதியவற்றை மாட்ட வேண்டும். சர்வர் முறையில், நெட்வொர்க்கில் இணையும் கேமராக்கள் இருந்தபடியே இருக்கலாம். எல்லாக் காட்சிகளும் ஒரே கணினிக்கு வந்து சேர, அங்கே பகுப்பாய்வு நடக்கிறது. மென்பொருளை மேம்படுத்துவது எளிது. பல கேமராக்களின் பதிவில் ஒரே நேரத்தில் தேடவும் முடியும். ‘நேற்று மாலை 4 முதல் 6 மணிக்குள் சிவப்புச் சட்டை அணிந்து வந்தவர்கள்’ என்று கேட்டால், பல மணி நேரப் பதிவிலிருந்து சில நொடிகளில் துணுக்குகளை எடுத்துத் தந்துவிடும்.

இதற்கான விலையும் உண்டு. முழு எச்.டி. தரத்தில் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமராவின் தொடர் பதிவு, நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி ஆகும். 16 கேமராக்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 690 ஜிபி. 30 நாள் பதிவை வைத்திருக்க 20 டிபிக்கு மேல் இடம் வேண்டும். அத்தனையையும் உடனுக்குடன் ஆராயத் திறன் மிக்க கணினி, நல்ல நெட்வொர்க் கேபிள், மின்வெட்டுக்கு யுபிஎஸ் எல்லாம் வேண்டும். அந்த ஒரு கணினி நின்றால் பகுப்பாய்வு முழுவதும் நின்றுவிடும். அதைவிட முக்கியமானது, எல்லாருடைய நடமாட்டமும் ஒரே இடத்தில், தேடுவதற்கு வசதியாகக் குவிகிறது. அந்தக் கணினியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஓர் ஊரின் அன்றாடம் இருக்கிறது.

முகத்தை அடையாளம் காணும்போது

கோட்டைத் தாண்டியவரைக் காட்டுவது ஒன்று. அவர் இன்னார் என்று சொல்வது வேறொன்று. முக அடையாள மென்பொருள் ஒரு முகத்தை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி, பட்டியலில் உள்ள முகங்களின் எண்களோடு ஒப்பிடுகிறது. கிடைக்கும் விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அல்ல. ‘இவ்வளவு ஒத்திருக்கிறது’ என்பதே. எந்த அளவுக்கு மேல் ஒத்திருந்தால் அவர்தான் என்று கொள்வது? அந்த எல்லையை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். டெல்லி காவல்துறை 80 சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் பொருத்தமாகக் கருதுவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு 2022இல் பதில் தந்தது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரயில் நிலையத்தில் 10,000 பேர் கடந்து போகிறார்கள். அவர்களில் தேடப்படுபவர் ஒருவர். மென்பொருள் ஆயிரம் பேருக்கு ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிகத் துல்லியமான கருவிதான். ஆனால் அன்று அது சுட்டும் 11 பேரில் 10 பேர் நிரபராதிகள்!

தவறு எல்லார் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018இல் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது.

இதன் விளைவை அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம்ஸ் அனுபவித்தார். ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயின. கண்காணிப்புக் காணொளியில் இருந்த தெளிவற்ற முகத்தை மென்பொருளுக்குக் கொடுத்தபோது, அது இவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தைக் காட்டியது. 2020 ஜனவரியில் மனைவி, மகள்களின் கண்முன்னே வீட்டு வாசலில் கைது செய்யப்பட்டு, சுமார் 30 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார். அவர் கறுப்பினத்தவர், குற்றத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. அவர் தொடுத்த வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. முக அடையாள முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்வதில்லை என்று டெட்ராய்ட் காவல்துறை ஒப்புக்கொண்டது. மென்பொருள் தந்தது ஒரு துப்பு. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள் மனிதர்கள்.

சரியாக வேலை செய்தாலும்

மென்பொருள் துல்லியமாக இயங்கினாலும் கேள்வி முடிவதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 2010இல் 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் அமைக்கப்பட்டன. பெரும்பாலானவை வாகன எண் பலகையைப் படித்துப் பதிவு செய்பவை. 72 கேமராக்கள் மறைவாகப் பொருத்தப்பட்டவை. குற்றத்தைத் தடுத்து மக்களைப் பாதுகாக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. ஆனால் சுமார் 30 லட்சம் பவுண்டு செலவும் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்பது பத்திரிகைகளில் வெளியானபோது மக்கள் கொதித்தார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் போக்குவரத்து, அவர்கள் வாழும் பகுதியை மட்டும் காரணமாக வைத்துப் பதிவாகவிருந்தது. கேமராக்கள் பைகளால் மூடப்பட்டன. மற்றொரு மாவட்டத்தின் காவல்துறைத் தலைவர் சாரா தார்ன்டன் நடத்திய விசாரணை அத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. உள்ளூர் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கேமராக்கள் கழற்றப்பட்டன.

நம் நாட்டில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அறிவிக்கை வெளியிட்டு அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு மக்களிடமே இருக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பாதுகாப்பு தேவைதான். உண்டியல் உடைப்பும், வாகனத் திருட்டும், குழந்தைகள் காணாமல் போவதும் உண்மை. எனவே கேமராவோ மென்பொருளோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நிறுவன நிர்வாகிகள் கையெழுத்திடும் முன் இவற்றை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்:

எந்தச் சிக்கலைத் தீர்க்க இது? இரவில் யாரும் நுழையக் கூடாது என்பதுதான் தேவை என்றால் கோடு தாண்டும் எச்சரிக்கையே போதும். முகங்களைச் சேகரிக்க வேண்டியதில்லை.

பதிவு எத்தனை நாள் இருக்கும், தானாக அழியுமா? தேவையில்லாமல் சேர்த்து வைத்த பதிவு தவறான கைக்குப் போகக் காத்திருக்கும் பதிவு.

யார் யார் பார்க்கலாம், யார் எப்போது பார்த்தார் என்ற குறிப்பு பதிவாகுமா? தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றினார்களா?

நம் இடத்திலேயே, நம் வெளிச்சத்தில், மழையிலும் கூட்டத்திலும் சில வாரங்கள் ஓட்டிக் காட்டுவார்களா? விற்பனையாளரின் மாதிரிக் காணொளி எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்.

மணி அடித்தால் அதை நேரில் போய்ச் சரிபார்க்கும் ஆள் யார்? அவர் இல்லையென்றால் அந்த மென்பொருளால் பயன் இல்லை.

இறுதியாக, கண்காணிக்கப்படுபவர்களுக்கு அது தெரியுமா? கழிப்பிடம், ஒளூ செய்யும் இடம், பெண்கள் பகுதி ஆகியவற்றின் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. மற்ற இடங்களில் அறிவிப்புப் பலகை கட்டாயம்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும், பிறர் அந்தரங்கத்தைத் துருவித் தேடக் கூடாது என்ற இரு ஒழுங்குகளையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் ஒருசேரக் கற்பிக்கிறது. இரண்டும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. சர்வர் அனுப்பும் எச்சரிக்கையும் ஒரு செய்திதான். விசாரிக்காமல் அதன் பேரில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால் அந்த அநீதிக்குக் கணினி பொறுப்பேற்காது. நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.