மரம் போன வழியே தீ வரும்

புகைமூட்டம் வந்துவிட்டால் வானொலியில் எங்களுக்கு முதல் வேலை, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை வாசிப்பதுதான். சாலாக் செலாத்தான் அடுக்குமாடியில் சன்னலைத் திறந்தால் எதிர் புளோக் தெரியாது. உடனே எல்லாரும் சுமத்ராவைத் திட்டுவோம். பாதி நியாயம்தான். 2005 ஆகஸ்டில் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அந்தப் புகை பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் நம் சிலாங்கூரிலும் எரிகிற காடு உண்டு: பெஸ்தாரி ஜெயா பக்கத்திலுள்ள ராஜா மூசா வனக்காப்பகம்.

மலாய்க்காரர்கள் அந்த மண்ணை 'தானா காம்புட்' என்பார்கள். இலைதழையும் வேரும் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறி உருவான மண். ஈரம் இருக்கும்வரை எரியாது. முன்பு அங்கே வெட்டிய மரங்களை வெளியே கொண்டுவர வாய்க்கால்கள் தோண்டினார்கள். மரம் போனது; அதே வழியில் காட்டின் தண்ணீரும் வடிந்தது. காய்ந்த மண் எரியத் தயாரான கரிதான். யாரோ நிலம் திருத்த வைக்கும் நெருப்பு உள்ளே இறங்கினால், அடியிலேயே நாள்கணக்கில் புகையும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் அடங்காது.

2010-இல் மாநில அரசு 25 ஆண்டு வெட்டுமரத் தடை விதித்தது. நல்ல முடிவு. ஆனால் தடை போட்டால் வாய்க்கால் தானாகத் தூர்ந்துவிடுமா? வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ஊர்மக்களோடு சேர்ந்து, 2008 முதல் வாய்க்கால்களை மறித்து மரக்கன்றுகள் நட்டு வருகின்றன. நீர்மட்டம் ஏறினால் மண் மறுபடி ஈரமாகும். தீயணைப்பு வண்டியைவிட அதுதான் மலிவு.

தடைக்காலம் 2035-இல் முடியும். அப்போது மரம் வெட்ட அனுமதி கேட்டு வருபவர்களிடம், அதை எந்த வழியாக வெளியே கொண்டுவரப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.