கோவா பிளான் தள்ளிப்போனா என்ன? 600 ரூபாயில் திருச்சி - ஸ்ரீரங்கம் ஒரு நாள்!



நம்ம எல்லார் போன்லயும் "கோவா ட்ரிப்"னு ஒரு வாட்ஸ்அப் குரூப் கண்டிப்பா இருக்கும். தேதி பேசுவாங்க, ஹோட்டல் லிங்க் போடுவாங்க. அப்போ ஒரு நண்பர் மட்டும், "ஆபீஸ்ல லீவு இல்ல மச்சி, நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்வார்.

பல நேரம் பிரச்சினை லீவு இல்லைங்க, பணம். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். ரெண்டு தடவை வரலைன்னு சொன்னவரை மூணாவது தடவை யாரும் கூப்பிடுறதே இல்ல. ஸ்கூல்ல இருந்து கூட இருந்த நட்பு, சண்டையே போடாம இப்படித்தான் விட்டுப்போகுது.

ஒரே செலவு, ஆனா ஒரே பாரம் இல்ல

ஒரு கணக்கு பார்ப்போம். ட்ரிப்புக்கு ஆளுக்கு 9,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. மாசம் 60,000 வாங்குறவருக்கு இது சம்பளத்துல 15%. 15,000 வாங்குறவருக்கு 60%! சமமா பிரிச்சோம்னு நாம நினைக்கிறோம். ஆனா ஒருத்தர் தோள்ல நாலு மடங்கு பாரம்.

"கிரெடிட் கார்டுல தேய்ச்சுக்கலாம்"னு சில பேர் சொல்வாங்க. கார்டு வட்டி மாசம் 3.5%னு வச்சா, 9,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாச வட்டி 315 ரூபாய். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 372 ரூபாய். அவர் மாசம் 750 கட்டினா, முதல் மாசம் அதுல பாதி வட்டிக்கும் வரிக்குமே போயிடும்.

அதனால குரூப்புக்கு ஒரே ஒரு விதி: யாருக்குச் சம்பளம் குறைவோ, அவருக்குக் கட்டுப்படியாகிறதுதான் குரூப் பட்ஜெட். ஆளுக்கு 600 ரூபாய்னு வச்சா, அது 15,000 சம்பளத்துல 4%தான். அந்தக் காசுக்கு நம்ம ஊர்லயே ஒரு முழு நாள் சுத்தலாம்.

காலை: மலைக்கோட்டை

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறிடுங்க. 83 மீட்டர் உயரம், 400-க்கும் மேற்பட்ட படிகள். வழியில தாயுமானவர் சன்னதி, மேல உச்சிப் பிள்ளையார். நடுவுல பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக் கோயிலையும் பாருங்க, 1,400 வருஷப் பழசு. உச்சியில நின்னா காவிரி, ஸ்ரீரங்கம் கோபுரம், மொத்த ஊரும் தெரியும். திருச்சிக்காரங்க நிறைய பேர் ஸ்கூல் டூருக்கு அப்புறம் இங்க ஏறினதே இல்ல!

இறங்கினதும் மெயின்கார்டு கேட் பக்கம் டிபன். அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், 1-ம் நம்பர் பஸ் பிடிங்க. சாதாரண கட்டண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தக் காசும் மிச்சம்.

மதியம்: திருவானைக்காவல்

பஞ்சபூதத் தலங்கள்ல இது நீருக்கான தலம். உச்சிக்கால பூஜை நேரத்துக்குப் போங்க. அர்ச்சகர் புடவை கட்டி, அம்மனாவே வந்து சுவாமிக்குப் பூஜை செய்றதை நேர்ல பார்க்கலாம். அப்புறம் பக்கத்துல பார்த்தசாரதி விலாஸ்ல நெய் ரோஸ்ட். கோயில் போக விருப்பம் இல்லாத நண்பர் இருந்தா, திருச்சி ரயில்வே மியூசியம், மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ரெண்டும் இருக்கு. வார விடுமுறை எந்த நாள்னு மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

மாலை: ஸ்ரீரங்கம்

156 ஏக்கர், 7 பிராகாரம், 21 கோபுரம். வெளிப் பிராகாரங்கள்ல ஜனங்க குடியிருக்காங்க. சித்திரை வீதி, உத்திர வீதியில சும்மா நடந்தாலே நேரம் போறது தெரியாது. எழுத்தாளர் சுஜாதா கதைகள்ல வர்ற ஸ்ரீரங்கம் இதுதான். சேஷராயர் மண்டபத்துல பாயுற குதிரைத் தூண்களைத் தவற விடாதீங்க.

236 அடி ராஜகோபுரத்துக்குப் பின்னாடி நமக்கு ஒரு பணப் பாடமும் இருக்கு. பல நூறு வருஷம் அது பாதியில நின்ன மொட்டைக் கோபுரம். 1979-ல திரும்ப வேலை ஆரம்பிச்சு, நன்கொடை சேரச் சேர நிலை நிலையா ஏறி, 1987 மார்ச்ல கும்பாபிஷேகம் நடந்தது. 13 நிலையும் ஒரே நாள்ல வந்துடலைங்க.

இருட்டுறதுக்கு முன்னாடி அம்மா மண்டபம் படித்துறை. காவிரியில தண்ணி வந்திருந்தா இந்த நாளோட பெஸ்ட் ஒரு மணி நேரம் இதுதான். அரட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது!

ஒரு ஆளுக்கான பட்ஜெட்

- பஸ்: 60
- டிபன், சாப்பாடு, காபி: 350
- நுழைவுக் கட்டணம், செருப்பு டோக்கன்: 90
- கைச்செலவு: 100
- மொத்தம்: 600 ரூபாய்

பணத்தைக் காலையிலேயே ஒருத்தர்கிட்ட யுபிஐ பண்ணிடுங்க. எல்லாச் செலவும் அவர் கையில. ராத்திரி மீதி இருந்தா அடுத்த ட்ரிப்புக்கு. "நான் தர்றேன், நீ தர்றே"ன்னு ஹோட்டல் கவுண்டர்ல நடக்கிற சங்கடமே வராது. காணிக்கை, அர்ச்சனை அவங்கவங்க தனிக் கணக்கு.

அடுத்த தடவை முக்கொம்பு, கல்லணை, இல்ல திருவெள்ளறை ஸ்வஸ்திக் வடிவக் கிணறுன்னு மாத்திக்கலாம். பைக்ல ரெண்டு ரெண்டு பேரா போனா 90 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோல். ஆளுக்கு 100 ரூபாய் சுமார்தான்.

அப்போ கோவா?

தாராளமா போங்க, ஆனா சேர்த்து வச்சுப் போங்க. வருஷத்துக்கு 6 உள்ளூர் நாள், 3,600 ரூபாய். ஒரு பெரிய ட்ரிப், 9,000. மொத்தம் 12,600. சம்பளம் வந்த அன்னைக்கே மாசம் 1,050 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட்ல போடுங்க. இது கூட அந்த நண்பருக்குப் பாரம்னா, பெரிய ட்ரிப்பை ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணா ஆக்குங்க. மாசம் 675 போதும். எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் இதுக்காகத் தொடாதீங்க.

இந்த வாரமே குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க: "ஞாயித்துக்கிழமை காலை 6 மணி, மலைக்கோட்டை அடிவாரம், ஆளுக்கு 600." போட்டுட்டு, லீவு இல்லன்னு சொல்ற அந்த நண்பருக்குத் தனியா ஒரு போன் பண்ணுங்க. இந்தத் தடவை அவர் வந்துடுவார்.